சூயிங்கம்மும் சிங்கப்பூர்ச் சட்டமும்

தில்லியிலும் மும்பையிலும் மாடிப்படிச் சுவர்களில் பான் கறையைக் கண்டு முகஞ்சுளிக்கும் நமக்கு, சிங்கப்பூர் அரசு சூயிங்கம்மோடு நடத்திய போர் வேடிக்கையாகத் தோன்றாது.

1983-லேயே அங்குத் தடை செய்யும் யோசனை எழுந்தது. பிரதமர் லீ குவான் யூ அது மிகையென்று எண்ணினார். அபராதமும் அறிவுரையும் போதுமென்பது அவர் கருத்து. போதவில்லை. அடுக்குமாடி வீடுகளின் தபாற்பெட்டிகளிலும், சாவித் துவாரங்களிலும், மின்தூக்கிப் பொத்தான்களிலும் மென்ற பசை ஏறிக்கொண்டேயிருந்தது. துடைப்பத்திற்கு அது அசைவதில்லை; சுரண்டித்தான் எடுக்க வேண்டும். 1987-இல் நகர ரயில் ஓடத் தொடங்கியது. அதன் கதவுகளில் உள்ள உணர்கருவியின்மேல் சிலர் அப்பசையை ஒட்டிவைத்தனர். கதவு மூடவில்லை, வண்டிகள் நின்றன.

கோ சோக் டோங் பிரதமராயிருந்தபோது, 1992 ஜனவரியில், இறக்குமதியும் விற்பனையும் தடுக்கப்பட்டன. மெல்லுதல் குற்றமாக்கப்படவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். வாய்தோறும் காவல் வைக்க எந்தப் போலீஸாலும் இயலுமோ?

2004-இல் தடை சற்றே தளர்ந்தது. மக்கள் திருந்திவிட்டனர் என்பதனாலன்று. அமெரிக்காவுடன் செய்துகொண்ட வாணிப உடன்படிக்கையே காரணம். மருத்துவப் பயனுள்ள வகையை மட்டும் பல் மருத்துவரும் மருந்தாளுநரும் வழங்கலாம் என்றாயிற்று. தொடக்கத்தில், வாங்குவோர் பெயரையும் அவர்கள் ஏட்டிற் பதிந்துகொண்டனர்.