அறைகலன்களில் தீத்தடுப்பு

மெத்தை, சோபா, நாற்காலித் திண்டு போன்றவற்றில் தீ எளிதில் பற்றாமலும் விரைந்து பரவாமலும் இருக்கச் செய்யும் ஏற்பாடு. திண்டுக்கல் பேகம்பூர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் கோரைப்பாய்க்கும் இலவம்பஞ்சு மெத்தைக்கும் பக்கத்தில் இன்று ஃபோம் மெத்தையும் வந்துவிட்டதால், இது வீட்டுக் கவலையாகவும் ஆகியிருக்கிறது.

பருத்திப் பஞ்சில் பீடிக் கங்கோ கொசுவத்தியோ விழுந்தால், சுடரே தெரியாமல் மணிக்கணக்கில் உள்ளுக்குள் கனலும். பாலியூரித்தேன் ஃபோம் அப்படிக் காத்திருக்காது. சில நிமிடங்களில் அறையையே சூழ்ந்துவிடும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. நெருப்பு தொடுமுன்பே புகை ஆளை வீழ்த்திவிடும். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பற்றிய தீ மெத்தையில் தொடங்கியதல்ல. ஆனாலும் அதில் இறந்த 6 பேரில் பலர் மின்தூக்கிக்குள் சிக்கிப் புகையில் மூச்சுத்திணறியவர்கள்.

தீத்தடுப்பு வேதிப்பொருள்களில் புரோமின், குளோரின் சேர்மங்கள் சுடரின் வினைச்சங்கிலியை அறுக்கின்றன. பாஸ்பரஸ் சேர்மங்கள் மேற்பரப்பைக் கரியாக்கி, அடியில் உள்ளதைக் காக்கின்றன. பஞ்சுக்குப் போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1975இல், ஃபோம் சிறு சுடரை 12 நொடி தாங்க வேண்டும் என்று விதித்தது. அதற்காகச் சேர்த்த வேதிப்பொருள்கள் பல ஃபோமோடு பிணையாமல் கசிந்து, வீட்டுத் தூசியில் கலந்தன. தரையில் தவழும் குழந்தைகளுக்கே அதில் ஆபத்து அதிகம். குழந்தைகளின் இரவு உடையில் சேர்த்த ‘டிரிஸ்’ என்ற தீத்தடுப்பி புற்றுநோய் தரக்கூடும் என 1977இல் அறிவியலாளர்கள் ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் இருவரும் எச்சரித்தார்கள். கலிபோர்னியா 2013இல் விதியை மாற்றி, சோதனையை மேலுறைத் துணியின் பக்கம் திருப்பியது. சில நொடித் தாமதத்துக்கு அத்தனை நஞ்சு அதிக விலைதான்.

இந்தியா 2018 மார்ச்சில், எளிதில் அழியாத கரிம மாசுகளுக்கான விதிகளில், பென்டாபிடிஇ, எச்பிசிடி உள்ளிட்ட தீத்தடுப்பிகளைத் தடை செய்தது.

வீட்டில் உதவுவது பெரும்பாலும் வேதியியல் அல்ல. நெருக்கமாக நெய்த தடித்த உறையோ, திண்டுக்கல்லின் பழைய தொழில் தந்த பதனிட்ட தோலோ மெல்லிய, தளர்வாக நெய்த துணியைவிட மெதுவாகவே பற்றும். சார்ஜர், கொசுவத்தி, இஸ்திரிப்பெட்டி மூன்றும் மெத்தையிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். ஃபோம் பற்றிவிட்டால் அணைக்கப் போராடாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியேறி, 101ஐ அழைக்க வேண்டும். பஞ்சு மெத்தை அணைந்ததுபோல் தெரிந்தாலும் மறுபடி மூளலாம். முதலில் நன்றாக நனைத்துவிட்டு, பிறகே தெருவுக்கு இழுத்துப் போட்டுக் கிழித்து, உள்பஞ்சு வரை நனைக்க வேண்டும்.