சிகிச்சை முடிந்த பின்னர்

புற்றுநோயின் வரலாறு என்றதும் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் மருந்துகளும் ஈட்டிய வெற்றிகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வெற்றிகளின் பின்னர் நோயாளர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் தாதியரின் பங்கு பெரிது.

அமெரிக்க வைத்தியரான பிற்ஸ்ஹியூ முலன், இளவயதிலேயே புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டவர். 1985 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையொன்று உயிர்பிழைத்தலை மூன்று பருவங்களாக வகுத்தது. சிகிச்சை பெறும் காலம் முதலாவது. நோய் மீளுமோ என அஞ்சிக் காத்திருக்கும் காலம் இரண்டாவது. அச்சம் தணிந்தும் நோயின் சுவடுகளோடு வாழும் காலம் மூன்றாவது. முதற் பருவத்தில் வைத்தியசாலை துணைநிற்கிறது. அடுத்த பருவத்திலோ மனிதர் தனித்துவிடப்படுகிறார்.

அத்தனிமையை உணர்ந்தவர்களுள் ஒருவர் மகி கெசிக் ஜெங்ஸ் என்னும் பெண்மணி. 1988 இல் அவருக்கு மார்புப் புற்றுநோய் கண்டது. 1993 இல் அது மீண்டது. இன்னும் சில மாதங்களே வாழ்வு என்று கூறப்பட்டபோது, அடுத்த நோயாளர் காத்திருந்தமையால், அச்செய்தியை நடைவழியில் அமர்ந்தே அவர் தாங்கிக்கொள்ள நேர்ந்தது. புதிய சிகிச்சையால் அவருடைய ஆயுள் சற்றே நீண்டது. அந்நாட்களில் எடின்பரோ நகரில் அவரைப் பராமரித்த தாதி லோரா லீ. நோயாளர் அமர்ந்து பேசவும் அழவும் அறிந்துகொள்ளவும் ஓரிடம் வேண்டுமென இருவரும் திட்டமிட்டனர். 1995 இல் மகி காலமானார். மறு ஆண்டில், அந்நகர வைத்தியசாலை வளவிலிருந்த பழைய குதிரைலாயமொன்று திருத்தப்பட்டு, அந்நிலையம் திறக்கப்பட்டது. அதன் நடுவே இருந்தது சமையலறை மேசை. லோரா லீயே அதன் தலைமையை ஏற்றார். பின்னர் பிரித்தானியாவில் இத்தகைய நிலையங்கள் 20 க்கும் மேற்பட்டன.

அம்மேசையருகே தாதி செய்வது யாது? நீங்காத சோர்வுக்குக் காரணம் கூறுகிறார். கை வீங்கினால் பேணும் முறை காட்டுகிறார். எந்த அறிகுறிக்கு வைத்தியரை நாடவேண்டும், எதற்கு அஞ்சவேண்டியதில்லை எனப் பிரித்துரைக்கிறார். மீண்டும் தொழிலுக்குச் செல்லத் தயங்குபவருக்கு வழிசொல்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டாரிடம் சொல்லமுடியாத அச்சத்தைச் செவிமடுக்கிறார்.

2005 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, சிகிச்சை முடிப்போர் ஒவ்வொருவருக்கும் பெற்ற சிகிச்சையின் சுருக்கமும் தொடர்கவனிப்புத் திட்டமும் எழுத்தில் வழங்கப்படவேண்டும் என்றது. ஏடு மட்டும் போதாது. அதை அருகிருந்து விளக்க ஒருவர் வேண்டும். நோயை அகற்றுவது மருத்துவத்தின் ஒருபாதி. மீண்டவரை வாழ்வில் நிலைநிறுத்துவது மறுபாதி. அம்மறுபாதியில் தாதியின் கரம் இன்றியமையாதது.