ஈரம் காத்த தெரு

இங்கிலாந்தின் யார்க் நகரில் ஊஸ், ஃபாஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே காப்பர்கேட் என்றொரு தெரு. அங்கிருந்த பழைய மிட்டாய்த் தொழிற்சாலையை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்ட ஏற்பாடானது. அதற்கு முன் மண்ணைத் தோண்டிப் பார்க்க யார்க் தொல்லியல் அறக்கட்டளைக்கு வாய்ப்புக் கிடைத்தது. ரிச்சர்ட் ஹால் தலைமையில் 1976-இல் தொடங்கிய அகழாய்வு 1981 வரை நீண்டது.

அடியில் ரோமானியர் காலம். கி.பி. 71-இல் அவர்களுடைய ஒன்பதாம் படையணி யார்க்கில் கோட்டை கட்டியது. இந்த இடம் அந்தக் கோட்டைக்கு வெளியே இருந்தது. அவர்கள் போனபின் ஏறத்தாழ 400 ஆண்டுகள் இங்கே பெரிதாகக் குடியிருப்பு இல்லை. அதற்கு மேல்தான் 866-இல் நகரைப் பிடித்த வைக்கிங்குகளின் அடுக்கு.

அந்த அடுக்கு முழுக்க நீர் ஊறிய சேறு. காற்றுப் புகாத சேற்றில் மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் பிழைப்பதில்லை. நம் ஊர் அகழாய்வுக் குழிகளில் பானை ஓடு குவியும். மரமோ துணியோ அரிது. காப்பர்கேட்டில் பத்தாம் நூற்றாண்டு வீடுகளின் படல் சுவர்கள் மிஞ்சியிருந்தன. பின்னால் பலகை வைத்துக் கட்டிய வீடுகளோ இடுப்புக்கு மேல் உயரத்துக்கு அப்படியே நின்றன. அடுத்தடுத்த மனைகள், நடுவே வேலி, வீட்டுக்குள் அடுப்பு, பின்கட்டில் கழிவுக்குழி.

கடைசல் பிடித்த மரக் கிண்ணங்களும் கடைசலில் கழிந்த நடுக்கட்டைகளும் சேர்ந்தே கிடைத்தன; அந்தத் தெருவில் கடைசல்காரர்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. தோல் செருப்புகள், ஒற்றை ஊசியால் பின்னிய கம்பளிக் காலுறை, பட்டுத் தொப்பி, செங்கடல் சோழி, சமர்கண்ட் வெள்ளிக்காசைப் பார்த்துச் செய்த ஒரு கள்ளக்காசு. மொத்தம் சுமார் 40,000 பொருட்கள். விலங்கு எலும்புகள் மட்டும் ஐந்து டன்.

எனக்குக் கழிவுக்குழிகள்தான் முக்கியம். அந்த மண்ணில் பழக்கொட்டைகளோடு குடற்புழு முட்டைகளும் ஏராளம். அந்தத் தெருக்காரர்கள் என்ன தின்றார்கள் என்பதும், வயிற்றுவலியோடு வாழ்ந்தார்கள் என்பதும் அதிலிருந்து தெரிகிறது. வைக்கிங்குகளிடம் அடிபட்ட மடாலயத் துறவிகள் எழுதிவைத்ததில் அவர்கள் கொள்ளைக்காரர்கள். துறவிகள் பொய் சொல்லவில்லை. ஆனால் கிண்ணம் கடைந்தவனையும் காலுறை பின்னியவளையும் பற்றி அவர்கள் ஒரு வரி எழுதவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது இந்தச் சேறுதான்.

தோண்டிய இடத்திலேயே 1984-இல் யார்விக் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2015 டிசம்பரில் வெள்ளம் உள்ளே புகுந்தது. மறுபடி திறக்க 2017 ஏப்ரல் ஆனது.

இன்னொரு பொருளைச் சொல்லாமல் விட முடியாது. அகழாய்வு முடிந்து வளாகம் கட்டத் தொடங்கியபின், 1982 மே மாதம், மண்வாரி இயந்திரத்தில் ஏதோ தட்டியது. எட்டாம் நூற்றாண்டு இரும்புத் தலைக்கவசம். வைக்கிங்குகள் வருவதற்கு முந்தையது. அதன் பித்தளைப் பட்டையில் லத்தீன் வேண்டுதலோடு ஓஷேர் என்ற பெயர் பொறித்திருக்கிறது. பலகை அடித்த குழிக்குள் அது கிடந்த விதத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.