ஹிட்லர் நுழைந்த கதவும் ராஜபாளையத்து முதலமைச்சரும்

ஹிட்லர் துப்பாக்கி முனையில் ஆட்சியைப் பிடித்தார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1923-ல் மூனிச் நகரில் அப்படி ஒரு முயற்சி செய்து பார்த்தார். தோற்றுப் போய் ஜெயிலுக்குத்தான் போனார்! 1933 ஜனவரி 30 அன்று அவரைக் கூப்பிட்டுப் பதவியில் உட்கார வைத்தவர் ஜெர்மனியின் ஜனாதிபதி ஹிண்டன்பர்க். இத்தாலியிலும் இதே கதைதான். 1922-ல் முசோலினியை அழைத்து ஆட்சியைக் கொடுத்தவர் அந்நாட்டு மன்னர்.

ஜெர்மனியின் வைமார் அரசியல் சட்டம் அன்றைக்கு உலகமே மெச்சிய சட்டம். ஆனால் அதில் 48-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. நாட்டுக்கு ஆபத்து என்றால் ஜனாதிபதி தனிமனித உரிமைகளை நிறுத்தி வைக்கலாம், அவசர உத்தரவுகள் போடலாம். முதல் ஜனாதிபதி ஏபெர்ட் ஜனநாயகவாதி. அவரே இதை நூறு தடவைக்கு மேல் பயன்படுத்தினார். 1931-ல் பாராளுமன்றம் போட்ட சட்டங்கள் 34, அவசர உத்தரவுகள் 44. ஆக, ஹிட்லர் வருவதற்கு முன்பே கதவு திறந்துதான் கிடந்தது. பாராளுமன்றக் கட்டடம் தீப்பிடித்த மறுநாள், 1933 பிப்ரவரி 28-ல், இதே பிரிவின் கீழ் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் போயின. அடுத்து நடந்த தேர்தலில் ஜெயித்த 81 கம்யூனிஸ்டுகளில் ஒருவர்கூட சபைக்குள் நுழைய முடியவில்லை. ஜூலையில் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சியே இருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

இந்த 48-வது பிரிவின் பேச்சு நம் ஊரிலும் அடிபட்டது. 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் அவசரநிலைப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தபோது, எச்.வி. காமத் எழுந்து, ஹிட்லருக்கு வழிவிட்ட வைமார் சட்டத்தைத்தான் இது ஞாபகப்படுத்துகிறது என்று எச்சரித்தார். பிரிவுகள் நிறைவேறிவிட்டன.

ஆனால் ஆளை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்க அவசரநிலைகூடத் தேவைப்படவில்லை. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலேயே 22-வது பிரிவு அதற்கு இடம் கொடுத்திருந்தது (உரிமைகள் பட்டியலுக்குள்ளேயே!). அரசியல் சட்டம் அமலுக்கு வந்து ஒரே மாதத்தில், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்தது. அப்போது சென்னை ராஜ்ஜியத்தை ஆண்டவர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. காந்தியவாதி, சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், எளிமையானவர். 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை அவர் ஆட்சி.

இன்றும் சட்டக் கல்லூரிகளில் கற்றுத்தரும் மூன்று பெரிய வழக்குகளில் எதிர்வாதி அந்த மூன்று வருடத்துச் சென்னை அரசுதான். 1947 டிசம்பரில் இருந்தே சிறையில் இருந்த ஏ.கே. கோபாலன், புதிய சட்டத்தின் கீழும் அடைக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 19-ல் நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார். ஒரே வாரத்தில் இன்னொரு தீர்ப்பு. ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்குச் சென்னை அரசு போட்ட தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்றாவது வி.ஜி. ராவ் வழக்கு. ஒரு காலத்தில் காங்கிரஸையே சட்டவிரோதம் என்று அறிவிக்க வெள்ளைக்காரன் எடுத்த 1908-ம் வருடச் சட்டத்தை, காங்கிரஸ் அரசு இப்போது ராவின் சங்கத்தின் மீது வீசியது. 1952 மார்ச்சில் அதுவும் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

வழக்கு போடக்கூட வாய்ப்பில்லாமல் போனவர்களும் உண்டு. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். கம்யூனிஸ்டுகள் 1948-ல் ஆயுதப் புரட்சிப் பாதைக்குப் போனது உண்மை, அரசுக்கு பயம் இருந்ததும் உண்மை. ஆனால் அடைபட்டுக் கிடந்தவர்களைச் சுட்டதற்கு அந்த பயம் சமாதானம் ஆகாது.

அப்படியானால் சென்னையும் பெர்லினும் ஒன்றா? இல்லை. சாவி ஒரே மாதிரிதான். பெர்லினில் அந்தச் சாவியைப் பிடுங்கக் கூடிய இடங்கள் எல்லாவற்றையும் ஆறே மாதத்தில் மூடிவிட்டார்கள். இங்கே நீதிமன்றம் திறந்திருந்தது, சில நாள் அரசுக்கு எதிராகவும் பேசியது. (பத்திரிகை வழக்கில் தோற்றதும் 1951-ல் அரசியல் சட்டத்தையே திருத்திக் கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.) அதைவிட முக்கியம், தேர்தல் நடந்தது.

1952 தேர்தலில் குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்றார். சொந்த ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பதவியில் இருந்த முதலமைச்சர், அதுவும் சொந்தச் சீமையில். தோற்றார்! சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152, முன்பு தடை செய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு 62. தோல்விக்கு அரிசித் தட்டுப்பாடும் ரேஷனும் காங்கிரஸுக்குள் இருந்த கோஷ்டிச் சண்டையும்கூடக் காரணம். சிறைக் கொடுமைக்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று சொன்னால் அது கதைதான்.

ராஜா எந்த உத்தரவும் போடவில்லை, வீட்டுக்குப் போனார். ஏப்ரலில் ராஜாஜி முதலமைச்சரானார். ராஜா பின்னால் ஒரிசா கவர்னராக இருந்து, 1957-ல் காலமானார். ராஜபாளையத்தில் அவர் குடியிருந்த வீடு இன்று காந்தி கலை மன்றம். ஏ.கே. கோபாலன் அதே 1952 தேர்தலில் கண்ணூரில் ஜெயித்து டெல்லி பாராளுமன்றத்துக்குப் போனார்.