சாயும் திரையும் குனியும் தலையும்: தொலைபேசி வடிவமைப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைக் கையாள்வோரின் கண்ணும் கழுத்தும் முதுகும் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. கருவி மனிதனுக்கு இசைந்து கொடுப்பதா, மனிதன் கருவிக்கு வளைந்து கொடுப்பதா என்னும் வினா பொறியியலுக்கு மட்டும் உரியதன்று. யாருடைய உடலுக்குச் சமூகம் மதிப்பளிக்கிறது என்பதையும் அது உள்ளடக்கியது. தொலைபேசித் திரையைப் பார்ப்போரின் வசதிக்கேற்பச் சாய்க்கவும் உயர்த்தவும் செய்யப்பட்ட முயற்சிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

திரை தோன்றுவதற்கு முன்னரே இப்பிரச்சினை தோன்றிவிட்டது. பழைய மரப்பெட்டிச் சுவர்த் தொலைபேசிகள் பலவற்றில், நெட்டையரும் குட்டையரும் பேசத்தக்கதாக, ஒலிவாங்கி ஏற்றியிறக்கக்கூடிய கையொன்றிற் பொருத்தப்பட்டிருந்தது. பின்னர், பெல் நிறுவனத்துக்காக 302 (1937), 500 (1949) ஆகிய மேசைத் தொலைபேசிகளை வடிவமைத்த ஹென்றி ட்றைபஸ், மனித உடலின் அளவுகளையே வடிவமைப்பின் தொடக்கப் புள்ளியாகக் கொண்டார். எனினும் அவர் கையாண்ட ‘ஜோ’, ‘ஜோசபீன்’ என்னும் மாதிரி உருவங்கள் அமெரிக்கச் சராசரியிலிருந்து பிறந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

திரையின் வருகை பிரச்சினையின் தன்மையையே மாற்றியது. கேட்கும் கருவியைச் செவியருகே கொண்டு செல்லலாம். பார்க்கும் கருவியோ கண்ணிலிருந்து உரிய தூரத்தில், உரிய கோணத்தில் நிற்க வேண்டும். 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் காட்டப்பட்ட பெல் நிறுவனத்தின் படத்தொலைபேசி, 1970 யூன் 30இல் பிற்ஸ்பேர்க் நகரில் வணிகச் சேவையாகத் தொடங்கப்பட்டது. மாதக் கட்டணம் 160 டொலர். அது பெருங் கம்பனிகளின் மேசைகளுக்கென உருவான கருவி. சில ஆண்டுகளுக்குள்ளேயே தோல்வி கண்டது.

அதே காலப்பகுதியில் அலுவலகங்களிலும் பத்திரிகை நிலையங்களிலும் கணினித் திரைகள் புகுந்தன. நாள் முழுவதும் அவற்றின் முன் அமர்ந்திருந்த எழுதுவினைஞர்கள் கண்ணெரிவு, கழுத்து நோவு, தோள் நோவு என முறையிட்டனர். தொழிற்சங்கங்களின் வேண்டுகோளின் பேரில் அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் ஆய்வு நடத்தி 1981இல் அறிக்கை வெளியிட்டது. திரையைப் பயன்படுத்திய தொழில்வல்லுநரைக் காட்டிலும் எழுதுவினைஞரே கூடுதலான மனவழுத்தத்தைத் தெரிவித்தனர் என்பது அவ்வாய்வின் முக்கிய முடிவுகளுள் ஒன்று. கருவி ஒன்றே, உழைப்பின் நிலைமைகளே வேறு.

இப்பின்னணியிலேயே 1990 மே 29ஆந் திகதிய ஐரோப்பிய சமூகத்தின் 90/270 இலக்கப் பணிப்புரையை நோக்குதல் வேண்டும். திரை எளிதாகத் திரும்பவும் சாயவும் வேண்டும். விசைப்பலகை திரையினின்று பிரிந்திருக்க வேண்டும் என அது விதித்தது. வடிவமைப்பாளரின் நல்லெண்ணமாக இருந்த ஒன்று தொழிலாளரின் உரிமையாயிற்று. ஆயின், பணியிடத்தில் நீண்டநேரம் பயன்படுத்தப்படாத கையடக்கக் கருவிகளை அப்பணிப்புரை விலக்கியது. அன்று நியாயமாகத் தோன்றிய அவ்விலக்கின் வழியாகவே கைத்தொலைபேசி பிற்காலத்தில் வேலைத்தலத்தினுள் நுழைந்தது.

கைத்தொலைபேசி வடிவமைப்பாளர் இப்பிரச்சினையை அறியாதிருந்தனர் எனக் கூறவியலாது. 1996இல் வெளிவந்த நொக்கியா 9000, சிறு மடிக்கணினி போன்று விரிந்தது. 2006இல் யப்பானிய ஷார்ப் நிறுவனத்தின் 905எஸ்எச், தொலைக்காட்சி பார்ப்பதற்கெனத் திரையைக் குறுக்காகச் சுழற்றியது. 2007இல் வந்த எச்ரிசி ரைற்றன் 2, திரையைத் தள்ளி நிமிர்த்திச் சாய்க்கும் பிணைச்சலைக் கொண்டிருந்தது. ஆனால் அதே ஆண்டில் வந்த ஐபோன் காட்டிய வழியே வென்றது. அசையும் உறுப்பு தேயும், தடிப்பைக் கூட்டும், உற்பத்திச் செலவை உயர்த்தும். ஒற்றைக் கண்ணாடித் தகட்டுக்கு இவ்விடர்கள் இல்லை. கருவியைத் திருப்பினால் அதனுள் இருக்கும் படம் தானே திரும்பிக்கொள்கிறது. திரை சாயவேண்டிய இடத்திலே தலை சாய்கிறது.

தலை 60 பாகை குனியும்போது கழுத்தென்பில் ஏறத்தாழ 27 கிலோகிராம் விசை தாக்குகிறது என அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் கெனத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணித்தார். இது கணினி மாதிரியொன்றின் முடிவே. குனிதலுக்கும் நோவுக்குமுள்ள தொடர்பைப் பின்வந்த ஆய்வுகள் சில உறுதிப்படுத்தவில்லை. ஆதலின் அச்சமூட்டும் முடிவுகளுக்கு விரைதல் தகாது. ஆயினும் ஒரே நிலையில் நெடுநேரம் உடலை நிறுத்திவைக்கும் வேலை நன்றன்று என்பதில் ஐயமில்லை.

நிமிர்ந்து நிற்கும் திரை இன்று மீண்டும் வந்துள்ளது; ஆனால் வேறொரு வர்க்கத்துக்காக. 2020இல் சாம்சுங் வெளியிட்ட, விரும்பிய கோணத்தில் நிற்கும் மடிப்புத் தொலைபேசியின் தொடக்க விலை 1,380 டொலர். அப்பொருளை வீடுவீடாகச் சேர்ப்பிக்கும் தொழிலாளி, தன் நாளாந்த வேலைக் கட்டளைகளைப் பெறுவதோ சாயாத தகடொன்றிலிருந்து.

ஆகவே வரலாறு உணர்த்துவது இதுவே: திரை சாயவேண்டும் என்பது சந்தையின் கொடையாக வந்தபோது ஆடம்பரமாயிற்று, அமைப்பாகத் திரண்ட உழைப்பாளரின் கோரிக்கையாக எழுந்தபோதே பொது விதியாயிற்று. மேசையோடு நின்றுவிட்ட அவ்விதியைக் கைத்தொலைபேசியே வேலைத்தலமாகிவிட்ட மக்களுக்கும் விரிப்பது, வடிவமைப்பாளர் மட்டும் தீர்த்துவிடக்கூடிய பணியன்று.