கவிதை நூல்களின் மின்னூல் வடிவம்

தமிழ்க் கவிதை நூல்களை மின்னூலாக்கும் பணியின் வரலாறு, பெருமளவில் கவிதை வரியைக் காப்பாற்றும் முயற்சியின் வரலாறு ஆகும். உரைநடையில் வரி எங்கே மடங்கினாலும் பொருள் மாறாது. கவிதையிலோ வரி முடியும் இடமும் கவிதையின் ஒரு பகுதி.

ஓலையும் அச்சும்

ஓலைச்சுவடிகளில் செய்யுள்கள் அடி பிரிக்காமல் தொடர்ச்சியாக எழுதப்பட்டன. மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளியும் இல்லை. ஆயினும் அடி தொலைந்துவிடவில்லை. அது யாப்பில் பத்திரமாக இருந்தது. குறள் வெண்பாவின் முதலடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று சீர் என்று அறிந்தவர், ஓலையிலிருந்தே அதை இரண்டு அடியாகப் பிரித்துவிடலாம். சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோரின் உழைப்பால், சுவடியில் இருந்த செய்யுள்கள் அடி பிரிந்து அச்சேறின.

புதுக்கவிதை இந்த நிலையை மாற்றியது. சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வெளிவந்தது. இவ்வகைக் கவிதையில் வரியை முடிப்பது இலக்கணம் அன்று, கவிஞரின் தேர்வு. எனவே வரிப்பிரிப்பு ஒருமுறை அழிந்தால், யாப்பைக் கொண்டு அதை மீட்க இயலாது.

இணையத்தில் கவிதை

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வழங்கியது. தொடக்கத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் வேறுபட்டது. பின்னர் திஸ்கியும் அதன்பின் யூனிகோடும் வந்தன. எழுத்துச் சிக்கல் தீர்ந்தபின்னும் வரிச் சிக்கல் இருந்தது. இணையப் பக்கத்தின் எச்.டி.எம்.எல். மொழி, தட்டச்சில் விடப்படும் வரிமுறிவையும் அடுத்தடுத்த இடைவெளிகளையும் ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு வரியின் இறுதியிலும் முறிவுக் குறி இட வேண்டியிருந்தது.

மின்னூல் வடிவங்கள்

2007இல் ஈபப் வடிவமும் கிண்டில் கருவியும் வெளிவந்தன. இவற்றில் பக்கத்துக்கு நிலையான அளவில்லை. வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கும். மடங்கி விழுந்த சொல், கவிஞர் எழுதிய தனி வரிபோலத் தோன்றும். நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடி இறுதியில் சிறு கோட்டுக்குப் பின் வரும் தனிச்சொல், குறுகிய திரையில் எளிதாகக் கீழே இறங்கிவிடும். நான்கடி வெண்பா ஐந்தடியாகக் காட்சியளிக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, பக்கத்தை மாறாமல் நிறுத்தும் பி.டி.எஃப். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம், ஈபப், மோபி வடிவங்களுடன் 6 அங்குலத் திரைக்கென்றே தனி பி.டி.எஃப். கோப்பையும் வழங்கியது. கிண்டில் கடை தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியது 2016 இறுதியில்தான். மற்றொன்று, ஒவ்வொரு கவிதை வரியையும் தனிப் பத்தியாக்கி, மடங்கும் பகுதி மட்டும் உள்தள்ளி நிற்குமாறு அமைப்பது. அப்போது இடது ஓரத்தில் தொடங்குவது கவிஞரின் வரி, உள்ளே தள்ளி நிற்பது திரையின் மடிப்பு என்று வாசகர் உடனே பிரித்தறியலாம்.

அச்சில் இல்லாமற்போன பல கவிதைத் தொகுப்புகளுக்கு இனி மின்னூலே எஞ்சும் படியாக இருக்கக்கூடும். அதில் வரி தவறினால், திருத்திப் பார்க்க மூலநூல் கிடைக்காது. ஆகவே பழைய பதிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பதும், எழுத்தைப் பெரிதாக்கிச் சோதிப்பதும் மின்னூலாக்கத்தில் பதிப்பாசிரியரின் கடமைகளாகின்றன.