சர்க்கரைச் சாந்து

முட்டையின் வெள்ளைக்கரு, மாவாகப் பொடித்த சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. ராயல் ஐசிங் என்பது இவ்வளவுதான். அடித்து முடித்த கையோடு பார்த்தால் குழைத்த சுண்ணாம்பு மாதிரி இருக்கும்; காய்ந்துவிட்டால் முட்டை ஓடு மாதிரி இறுகிவிடும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு சொந்தம் தெரியும். அந்தச் சுண்ணாம்புப் பூச்சிலும் வெள்ளைக்கரு உண்டு. வெண்ணெய் க்ரீம் ஈரம் இருக்கும்வரைதான் அழகு. ராயல் ஐசிங்கோ காய்ந்த பிறகுதான் தன் வேலையைத் தொடங்குகிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளாக அது பிழைத்திருப்பதும், ஊர் விட்டு ஊர் போனதும் அந்தக் காய்கிற குணத்தால்தான்.

பெயரைக் கேட்டதும் விக்டோரியா மகாராணியின் கல்யாணக் கேக்கைச் சொல்வார்கள். 1840 பிப்ரவரி 10 அன்று நடந்த கல்யாணம் அது. கேக்கின் எடை சுமார் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. அந்த வெள்ளைப் பூச்சுக்கு ராணியால் புகழ் வந்தது உண்மை. ஆனால் பெயர் அவருக்கு முந்தியது. 1770இல் லண்டனில் வந்த பொரெல்லாவின் மிட்டாய்க் கலைப் புத்தகத்திலேயே ராயல் ஐசிங் என்ற பெயர் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1769இல், எலிசபெத் ராஃபால்ட் என்ற பெண்மணி தன் சமையல் புத்தகத்தில் கல்யாணக் கேக்குக்குச் செய்முறை எழுதினார். பெரிய மாளிகை ஒன்றில் வீட்டு நிர்வாகம் பார்த்துவிட்டு, பிறகு மான்செஸ்டரில் சொந்தக் கடை நடத்தியவர் அவர். பழக் கேக், அதன் மேல் பாதாம் விழுது, அதற்கும் மேல் வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு.

அவருடைய கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். 2 பவுண்டு சர்க்கரை, 2 அவுன்ஸ் ஸ்டார்ச், 5 முட்டையின் வெள்ளைக்கரு. வெள்ளைக்கருவை வெள்ளீயத் தட்டில் ஊற்றி, கத்தியால் அரை மணி நேரம் அடிக்க வேண்டும். சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பிறகு இன்னும் அரை மணி நேரம். அதற்கு முன்னால் சர்க்கரையைத் தயார் செய்வதே ஒரு நாள் பாடு. அந்தக் காலத்துச் சர்க்கரை கூம்புக் கட்டியாக வரும். உடைத்து, இடித்து, மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். இன்று கடையில் ஐசிங் சுகர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சோள மாவு சேர்த்திருப்பதாகப் போட்டிருக்கும். கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பது. ராஃபால்டின் கையிலிருந்த ஸ்டார்ச் இன்னும் அந்தப் பொடியைவிட்டுப் போகவில்லை.

அந்த வெண்மைக்கு ஒரு விலை இருந்தது. பழுப்புச் சர்க்கரையைவிடச் சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரைக்கு அதிக விலை என்பதால், வெளுத்த கேக் என்றாலே வசதியின் அடையாளம். ஜமைக்காவிலும் பார்படோஸிலும் அந்தக் கரும்பை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அவர்கள் முழுதாக விடுபட்டது 1838இல். ராணியின் கல்யாணம் அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து. அடிமைகள் போன இடத்துக்குத் தோட்டக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். 1834 முதல் மொரிஷியஸுக்குக் கப்பல் கப்பலாக இந்தியர்கள் போனார்கள். கல்கத்தாவிலிருந்து பெருந்தொகையாக, மதராஸிலிருந்து நம்மவர்களும். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் மதராஸிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனில் போய் நின்றது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு. மொரிஷியஸ் சர்க்கரை பிரிட்டிஷ் சந்தைக்குப் போயிற்று. சர்க்கரை என்ற நம் சொல்லுக்கும் சுகர் என்ற அவர்கள் சொல்லுக்கும் மூலம் ஒன்றே, வடமொழிச் சர்க்கரா. சொல் போன வழியில் ஆட்களும் போனார்கள். ராயல் ஐசிங்கின் கதையை அரண்மனையோடு நிறுத்திவிடுவது எனக்கு ஒப்பாததற்குக் காரணம் இதுதான்.

அரண்மனையில் அது உயர்ந்துகொண்டே போயிற்று. இறுகிய ஐசிங் பாரம் தாங்கும் என்று கண்டுகொண்டதும் அடுக்குக் கேக் வந்தது. 1858இல் விக்டோரியாவின் மூத்த மகள் கல்யாணத்தில் கீழடுக்கு மட்டும்தான் கேக். மேலே நின்றதெல்லாம் சர்க்கரைச் சிற்பம். 1940 ஆகஸ்டில், போர்க்காலச் சர்க்கரைத் தட்டுப்பாட்டில், சுட்ட கேக்கின் மேல் சர்க்கரை பூசக் கூடாது என்று பிரிட்டனில் தடை வந்தது. மணமக்கள் என்ன செய்தார்கள்? சின்னக் கேக் ஒன்றைச் சுட்டு, அட்டையிலோ பிளாஸ்டரிலோ செய்த அடுக்குக் கூட்டை வாடகைக்கு வாங்கி அதன்மேல் கவிழ்த்தார்கள். புகைப்படத்தில் வித்தியாசம் தெரியவில்லை. காய்ந்த ராயல் ஐசிங்குக்கும் சுவர்ச் சாந்துக்கும் அவ்வளவு நெருக்கம். அங்கே சர்க்கரைக்கு ரேஷன் முடிய 1953 ஆயிற்று. இலங்கைக் கல்யாணங்களில் இன்றும் மேடையில் நிற்கும் அடுக்குகள் பெரும்பாலும் பார்வைக்குத்தான். விருந்தாளிகள் எடுத்துப்போவது சின்னப் பெட்டியில் மடித்த ஒரு துண்டு பழக் கேக்.

பிஸ்கட்டுக்கு வந்த வழி வேறு. ஹங்கேரியில் தேன் பிஸ்கட் மேல் வெள்ளைக் கோடுகளால் லேஸ் பின்னினார்கள். குரோஷியாவின் வடபகுதியில் ‘லிட்சிதார்’ என்ற சிவப்பு இதய பிஸ்கட்டை அலங்கரித்துப் பரிசாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கைவேலையை 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. கேக்கை வெட்டினால் கோலம் கலைந்துவிடும். பிஸ்கட்டிலோ ஒருவருக்கு ஒரு முழுக் கோலம் கிடைக்கும்.

இப்போது அது வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. பச்சை முட்டைக்குப் பதில் மெரிங் பவுடர் என்ற வெள்ளைக்கருப் பொடி. பயமில்லாமல் குழந்தைக்குக் கொடுக்கலாம். 450 கிராம் ஐசிங் சுகர், 3 மேசைக்கரண்டி பொடி, 6 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழாது. பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம். ஏழெட்டு நிமிடம் பீட்டரில் அடித்தால் பளபளப்பு போய் மங்கலாகும். அதுதான் பதம்.

அதற்குப் பிறகு எல்லாமே தண்ணீர்க் கணக்கு. ஓரக்கோடு போட பற்பசை மாதிரி கெட்டியாக வேண்டும். உள்ளே நிரப்ப, கரண்டியால் எடுத்து விட்ட இழை பத்து பதினைந்து எண்ணுவதற்குள் மறைய வேண்டும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். கிண்ணத்தின் மேல் ஈரத்துணி போடாவிட்டால் பேசிக்கொண்டிருக்கும்போதே ஏடு கட்டிவிடும்.

கருவி நமக்குப் புதிதல்ல. மருதாணிக் கோன் பிடித்த கை இதற்குப் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கோனின் நுனியைப் பிஸ்கட்டில் அழுத்தி இழுப்பார்கள், கோடு நடுங்கும். கம்பிக் கோலம் போடும்போது விரல் தரையைத் தொடுகிறதா? மாவுதானே இழையாக விழுகிறது. இங்கேயும் நுனியைச் சற்றுத் தூக்கினால் இழை தானாகப் போய்ப் படுக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவின் வாசல் சொல்லித் தந்தது.

முதல் முறை நான் செய்தது ஒரு டிசம்பர் மழையில். வெள்ளை நட்சத்திரங்கள் மேல் அடர் சிவப்புப் புள்ளி. விடியும்போது சிவப்பு கசிந்து நட்சத்திரமெல்லாம் ரோஜா நிறம். முப்பது பிஸ்கட்டையும் பார்த்து அழுகை வந்தது. சென்னைக் காற்றில் ஈரம் இருக்கும்போது இது காயாது. காயாத இடத்தில் நிறம் ஓடும். அடுத்த முறை திரவ நிறத்தை விட்டு ஜெல் நிறம் வாங்கினேன். முதல் பூச்சை இரவு முழுக்க விட்டு, மறுநாள்தான் புள்ளி வைத்தேன். மேசை விசிறியைத் தாழ்த்தி வைத்து, காற்று பிஸ்கட்டின் மேல் தவழும்படி திருப்பினேன். பல்குச்சியால் குமிழிகளைக் குத்தி உடைத்தேன்.

காலையில் ஒன்றை எடுத்து நகத்தால் தட்டினேன். டக் என்றது. எவர்சில்வர் டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, திருச்சி பஸ்ஸில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆறு மணி நேரப் பயணம். ஒரு கோடுகூட நலுங்கவில்லை.